ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் தக்காளி விதை எடுப்பதும் மாற்றிக்கொள்வதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கடலை ஒட்டி வீடும் நாலைந்து தொட்டிச் செடியும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயம்புத்தூர், ஓசூர் பக்கத்து ஆட்கள் தக்காளி விதை எடுக்கச் சொல்லித் தரும் முறையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை அப்படியே உச்சிப்புளியிலோ கீழக்கரையிலோ செய்தால் விதை பூஞ்சை பிடித்துப் போகும், இல்லை அடுத்த வருடம் விதைக்கும்போது முளைக்காது. இங்கே காற்றில் எப்போதும் ஈரம், போர் தண்ணீரில் உப்பு. விதையைக் கெடுப்பவை இவை இரண்டும்தான்.

மூன்றாவது தொல்லை மனிதர்களால் வருவது. பொட்டலத்தில் ஒன்றுமே எழுதாமல் விதை கொடுப்பார்கள். எனக்கு ஆரம்பத்தில் கைக்கு வந்த பொட்டலங்களில் பாதிக்கு மேல் "தக்காளி" என்ற ஒரு சொல்தான் இருந்தது, சிலதில் அதுவும் இல்லை. விதைத்து, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது ஹைப்ரிட்டிலிருந்து, அதாவது இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகத்திலிருந்து, எடுத்த விதை என்று தெரியவரும். அந்த மூன்று மாதத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செலவு பெரிதாக இல்லை. சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் சின்ன மணிகள்), சின்ன ஜிப் கவர், மூடி இறுகும் கண்ணாடி பாட்டில், தபால் உறை எல்லாம் சேர்த்து முதல் வருடம் முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

1. பழம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள்

சந்தையில் வாங்கிய தக்காளியிலிருந்து விதை எடுக்காதீர்கள். நம் ஊர்க் கடைகளுக்கு ஒட்டன்சத்திரம் வழியாக வரும் பழம் பெரும்பாலும் ஹைப்ரிட். அதன் விதை முளைக்கும், காய்க்கவும் செய்யும், ஆனால் தாயைப் போல இருக்காது. ஒரே பழத்து விதையில் ஒரு செடி உருண்டையாகக் காய்க்கும், இன்னொன்று நீளமாகக் காய்க்கும், மூன்றாவது செடி நோய் தாங்காமல் நின்றுவிடும். சொந்தச் சமையலுக்கு வளர்க்கிறீர்கள் என்றால் அது பாதகமில்லை, வளர்த்துப் பாருங்கள். அடுத்தவருக்குக் கொடுக்க மட்டும் அது ஆகாது.

கடையில் "நாட்டுத் தக்காளி" என்று தனியாகக் குவித்திருப்பதையும் நம்ப வேண்டாம். உருண்டையாக, தோல் மெல்லிசாக, புளிப்பாக இருந்தால் நாட்டு, நீளமாகத் தோல் தடித்திருந்தால் பெங்களூர், கடைக்காரர் கணக்கு அவ்வளவுதான். உருண்டையிலும் ஹைப்ரிட் தாராளமாக இருக்கிறது.

விதை பாக்கெட் வாங்கித் தொடங்குகிறீர்கள் என்றால் அட்டையில் "எஃப் 1" அல்லது "ஹைப்ரிட்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் விதை எடுக்க அதை விட்டுவிடுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம் 1, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா விகாஸ், பழைய பூசா ரூபி ஆகியவை ஹைப்ரிட் அல்லாத ரகங்கள், விதை எடுத்து எடுத்து வளர்க்கலாம். அதே பெங்களூர் நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ஹைப்ரிட். பெயர் ஒரே மாதிரி தொடங்குவதால் நிறையப் பேர் இங்கே குழம்புகிறார்கள்.

வாங்கிய பாக்கெட்டின் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ரகப் பெயர், லாட் எண், காலாவதி தேதி மூன்றும் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் யாராவது "இது என்ன ரகம்" என்று கேட்டால் காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

2. மாதக் கணக்கு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தக்காளிக்கு நம் கரையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆடியில் காற்றும் வெயிலும் போட்டு வாட்டும், போர் தண்ணீரில் உப்பும் ஏறியிருக்கும், பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும்.

விதைக்காக வளர்ப்பதென்றால் கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்கிற நேரத்தில் குழித்தட்டில் விதையுங்கள். இருபத்தைந்து நாளில் நாற்றைப் பிடுங்கி நடலாம். மாசி, பங்குனியில் பழம் கிடைக்கும். வருடத்திலேயே மழை குறைவான, இன்னும் கொளுத்தத் தொடங்காத நாட்கள் அவைதான், விதை காய வைக்கத் தோதாக இருக்கும். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை விதை மாற்றிக்கொள்ளும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தபாலில் அனுப்பினால் உறையே நனைந்து போய்ச் சேரும்.

3. விதைக்கு விடும் செடி

நல்ல பழம் கண்ணில் பட்டதும் அதைப் பறித்து விதை எடுப்பதுதான் எல்லாரும் செய்வது. ஆனால் அந்தப் பழம் காய்த்த செடி நோஞ்சானாக இருந்தால் அந்த விதையால் பயன் இல்லை. செடியைப் பாருங்கள். நம் தண்ணீரைக் குடித்தும் இலை ஓரம் கருகாமல் நிற்கிறதா, இலைச்சுருட்டு இல்லையா, மற்ற செடிகளுக்கு முன்னாலேயே காய் பிடித்ததா? அப்படித் தேறும் செடிகளுக்குக் காய் பிடிக்கும்போதே துணிக் கிழிசலால் அடையாளம் கட்டிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ரசத்துக்குப் போய்விடும்.

இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும் செடி, சுருண்டு குறுகிய செடி, திடீரென்று வாடிய செடி எதிலும் விதை எடுக்காதீர்கள். திட்டுத்திட்டாக வருவது தேமல் நோயாக இருந்தால் அந்த வைரஸ் விதைத் தோலில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் போகும். பழத்தின் அடி மட்டும் கறுத்து அமுங்கியிருப்பது வேறு. அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு, உப்புத் தண்ணீர் ஊற்றினால் அதிகமாக வரும், விதை வழியாகப் பரவாது. ஆனாலும் அது அடிக்கடி வருகிற செடியை நான் விதைக்கு விடுவதில்லை.

கலப்பு பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். தக்காளிப் பூ தன்னைத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்குள்தான் கலப்பு வரும். அரசுச் சான்று பெறும் விதைக்கே மற்றத் தக்காளி ரகங்களிலிருந்து விதித்திருக்கும் இடைவெளி 25 மீட்டர்தான். மாடியில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே இரண்டு மூன்று ரகம் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், மொட்டு விரியும் முன்பே அந்தக் கொத்தை மெல்லிய வலைப் பையில் போட்டுக் கட்டி, காலை நேரத்தில் காம்பை லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் கொத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள். சூல்முடி (பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் நுனி) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூக்களில்தான் கலப்பு அதிகம், குட்டித் தக்காளி ரகங்களில் சிலதும் கடும் வெயிலில் பூப்பவையும் அப்படித்தான் இருக்கும். அவற்றுக்குப் பை கட்டாயம்.

பழம் செடியிலேயே நன்றாகச் சிவந்து, லேசாக மெத்தென்று ஆகும்வரை விடுங்கள். அணிலும் மயிலும் விடாது என்றால் செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்கவிடலாம், அதுவும் சரிதான்.

4. புளிக்க வைப்பது

விதையைச் சுற்றி, ஊறிய சப்ஜா விதைக்கு இருப்பது போல ஒரு வழவழப்பான உறை இருக்கும். முளைக்கவிடாமல் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. அதைப் போக்கத்தான் புளிக்க வைப்பது.

பழத்தைக் குறுக்கே வெட்டி, விதையும் சாறுமாகக் கண்ணாடி டம்ளரிலோ எவர்சில்வர் டம்ளரிலோ பிழியுங்கள். அலுமினியம், பித்தளை வேண்டாம், புளிப்பு அவற்றை அரிக்கும். தண்ணீர் சேர்க்காதீர்கள், சாறு ரொம்பக் குறைவாக இருந்தால் இரண்டு ஸ்பூன் போதும். நீர்த்துப் போனால் புளிப்பு ஏறாமல் விதை முளைவிடத் தொடங்கிவிடும். வாயில் துணி கட்டுங்கள், மூடி போட்டு இறுக்கினால் உள்ளே வாயு சேரும். வீட்டுக்குள் வைத்தால் நாற்றத்துக்குத் திட்டு வாங்குவீர்கள், கொல்லைப்புறம் நிழலில் வைத்துவிடுங்கள்.

மூன்று நாள், நாலு நாள் என்று பல இடங்களில் எழுதியிருப்பது குளிர்ந்த ஊர்க் கணக்கு. நம் ஊரில் மாசி மாதத்தில்கூட ஒன்றரை நாளில் ஆகிவிடும், பங்குனி என்றால் ஒரு நாளே போதும். மணி பார்க்காதீர்கள், விதையைப் பாருங்கள். காலையும் மாலையும் ஒரு குச்சியால் கலக்கி, ஒரு விதையை எடுத்து விரலில் தேய்த்தால் வழுக்காமல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அவ்வளவுதான், உடனே கழுவிவிடுங்கள். இரவு ஆகிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் விதைகளில் வெள்ளை முனை நீட்டியிருக்கும். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

கழுவும்போது நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பதரும் சதையும் மேலே மிதக்கும். மேலே உள்ளதைச் சாய்த்து ஊற்றிவிட்டு, தெளிவாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல் சில கழுவலுக்குப் போர் தண்ணீர் இருக்கட்டும், கடைசிக் கழுவலுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீர் வேண்டும். காவிரித் தண்ணீர் ஒரு செம்பு போதும். உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காய வைத்தால் உப்பு விதையோடு தங்கும், உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

5. காய வைப்பது (இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்)

டீ வடிகட்டியில் வடித்து, அடியில் ஒரு துணியால் ஒற்றி எடுத்து, எவர்சில்வர் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். செய்தித்தாள், டிஷ்யூ வேண்டாம், ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது தோல் போய்விடும். பழைய கொசுவலைத் துண்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் இன்னும் நல்லது, அடியிலிருந்தும் காற்று வரும்.

முதல் நாள் நிழலில், மின்விசிறிக்குக் கீழே. சில மணி நேரத்துக்கு ஒருமுறை விரலால் கிளறி, கட்டியாக ஒட்டியதை உதிர்த்துவிடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் காட்டலாம். உச்சி வெயில் கூடவே கூடாது. நம் ஊர் மொட்டை மாடித் தளத்தில் நண்பகலில் தட்டு வைத்தால் விதை வெந்துவிடும்.

அடுத்தது முக்கியம். பொழுது சாய்ந்ததும் தட்டை உள்ளே எடுத்து மூடிவிடுங்கள். பகல் முழுக்கக் காய்ந்த விதை, இரவு கடல் காற்று பட்டால் இழந்த ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். ஒரு வாரம் இப்படிக் காய வைத்த பிறகு விதை கைக்கு நன்றாகக் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். தட்டில் போட்டால் சலசலவென்று சத்தம்கூட வரும். ஆனால் சேமித்து வைக்க அந்தக் காய்ச்சல் போதாது. தக்காளி விதைக்கான அரசுச் சான்றுத் தரம் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது, காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதென்றால் 6 சதவீதம். கடலோரக் காற்றில் வெறுமனே பரப்பி வைத்து அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது.

அதற்குத்தான் சிலிக்கா ஜெல். விதை எவ்வளவு எடையோ அதே எடை சிலிக்கா ஜெல்லை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, விதையைச் சின்னத் துணிப்பையில் கட்டி உள்ளே வைத்து இறுக மூடுங்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். நீல மணி வெளிர் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் இழுத்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிப் புது மணி போடுங்கள். மாறிய மணியைச் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும், வருடக்கணக்காகப் பயன்படும். ஆனால் அந்த நீல நிறம் கோபால்ட் உப்பு, விஷம். சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆரஞ்சு நிறத்தில் கோபால்ட் இல்லாததும் விற்கிறார்கள், கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சிலிக்கா கிடைக்கவில்லையா, அரிசியைச் செந்நிறமாக வறுத்து, மூடிய பாத்திரத்திலேயே ஆறவிட்டு, பாட்டிலில் பாதி நிரப்பி அதன் மேல் விதைப்பையை வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரிசியை மாற்ற வேண்டும். வேலை அதிகம், ஆனால் பலன் உண்டு. காய்ந்ததா என்று பார்க்க ஒரு விதையை நகத்தால் மடியுங்கள், வளையாமல் முறிய வேண்டும்.

இவ்வளவு செய்துவிட்டு ஓலைப்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். நம் பக்கத்து ஓலைப்பெட்டி அழகுதான், ஆனால் காற்று உள்ளே போய் வரும். காகிதப் பொட்டலம், தீப்பெட்டி, துணி முடிச்சு எல்லாமே அப்படித்தான். ஜிப் கவரில் போட்டு, அந்தக் கவர்களைக் கண்ணாடி பாட்டிலில் அடுக்கி, நாலைந்து சிலிக்கா மணிகளும் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதைக்காரர்களின் பொதுக் கணக்கு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. வெளியே மூன்று நான்கு மணி நேரம் வைத்து, பாட்டில் குளிர்ச்சி விட்ட பிறகு திறங்கள். இல்லாவிட்டால் நம் காற்றிலிருக்கும் ஈரம் முழுக்க விதை மேல் வியர்த்து நிற்கும்.

6. முளைப்புச் சோதனை

கொடுப்பதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இருபது விதையை ஈரத் துணியில் பரப்பி, சுருட்டி, டப்பாவில் மூடி வையுங்கள். குடிநீரால் மட்டும் நனைக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் நல்ல விதையும் முளைக்கத் தயங்கும். ஐந்தாம் நாள் ஒரு கணக்கு, பதினான்காம் நாள் கடைசிக் கணக்கு. இருபதில் பதினான்கு முளைத்தால் அரசுத் தரமான 70 சதவீதம். அதற்குக் கீழே என்றால் நீங்களே வைத்து விதைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம்.

7. பொட்டலத்தில் என்ன எழுத வேண்டும்

ஒவ்வொரு கவரிலும் இவை இருக்க வேண்டும்: ரகப் பெயர், விதை எடுத்த மாதமும் வருடமும், ஊர், முளைப்பு எவ்வளவு, பை கட்டி எடுத்ததா சும்மா விட்டதா, பக்கத்தில் வேறு என்ன தக்காளி இருந்தது, செடி குட்டையா கொடியா, என்ன தண்ணீர் பாய்ச்சினீர்கள். கடைசி விவரம் நம் பக்கத்து ஆட்களுக்குத் தங்கம். உவர் நீரில் வளர்ந்து காய்த்தது என்று எழுதியிருந்தால் நான் அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் எடுப்பேன்.

ரகப் பெயர் தெரியாவிட்டால் நீங்களாக ஒரு பெயர் வைக்காதீர்கள். "பெயர் தெரியாது, தேவிபட்டினத்தில் கிடைத்தது, உருண்டை, காம்புப் பக்கம் பச்சை" என்று உள்ளதை எழுதினால் போதும். ஹைப்ரிட்டிலிருந்து எடுத்தது என்ற சந்தேகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிக் கவருக்குள்ளே போட்டு, வெளியேயும் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.

8. மாற்றிக்கொள்வது: அளவு, தபால், பணம், சட்டம்

ஒரு வீட்டுக்கு 25, 30 விதை தாராளம். ஒரு நல்ல பழம் இரண்டு மூன்று பேருக்குக் காணும். எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு உடனே விதை கேட்காமல், அடுத்த மாசியில் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று புதியவர்களுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்.

தபாலில் அனுப்பும்போது விதையைச் சும்மா உறையில் போட்டால் முத்திரை இயந்திரம் நசுக்கிவிடும். ஜிப் கவரை இரண்டு அட்டைத் துண்டுக்கு நடுவில் வைத்து ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். சாதாரண உறை 20 கிராம் வரை ஐந்து ரூபாய், ஆனால் தொலைந்தால் கேட்க முடியாது. ஸ்பீட் போஸ்டில் தமிழ்நாட்டுக்குள் ஐம்பது, அறுபது ரூபாய் ஆகும், ரசீதைப் பொருள் போய்ச் சேரும்வரை வைத்திருங்கள். தபால் செலவை யார் ஏற்பது என்பதை முன்னாலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், சின்ன விஷயம்தான், ஆனால் மனக்கசப்பு இதில்தான் வருகிறது.

நீலத் தக்காளி, வானவில் தக்காளி, நூறு ரகம் ஒரே பாக்கெட்டில் என்று பளபளக்கிற படத்தைக் காட்டி முன்பணம் கேட்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். செடியோடு, இலையோடு, நறுக்கிய பழத்தோடு எடுத்த படம் கேளுங்கள். உண்மையாக வளர்ப்பவர் உடனே அனுப்புவார்.

சட்டம் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், 39ஆம் பிரிவில், விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்கக்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை அந்த ரகப் பெயரிட்ட பாக்கெட்டில் அடைத்து விற்பது மட்டும் கூடாது. கடை போட்டு, விலை வைத்து விதை வியாபாரமாகச் செய்ய 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். தெரிந்தவர்களுக்குள் சும்மா மாற்றிக்கொள்கிற நமக்கு இது எதுவும் தலைவலி இல்லை, பணம் வாங்காமல் இருந்தால் போதும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம். துபாயிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ மச்சான் வரும்போது நாலு விதை பாக்கெட் கொண்டுவரச் சொல்வது நம் பக்கம் சகஜம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பிடிபடாமல் வந்தாலும் இங்கே இல்லாத ஒரு நோய் அதோடு சேர்ந்து வரலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

9. உங்களுக்கு வந்த விதை

வந்த அன்றே எல்லாவற்றையும் விதைக்காதீர்கள். பாதியைச் சிலிக்கா பாட்டிலில் போட்டுவிட்டு மீதியை மட்டும், பழைய தொட்டிகளிலிருந்து தள்ளி, புது மண்ணில் விதையுங்கள். நோய் சந்தேகம் இருந்தால் விதைப்பதற்குச் சற்று முன் 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து எடுத்து, பச்சைத் தண்ணீரில் ஆற்றி விதைக்கலாம். பாக்டீரியா நோய்களுக்கு இது நன்றாகவே கேட்கும். ஆனால் வெப்பமானி இல்லாமல் கை வைத்துப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது, சூடு கூடிப்போனால் விதை கெட்டுவிடும். பழைய விதைக்கும் வேண்டாம்.

முதல் பருவத்தில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி காய் என்று வந்தால்தான் அதிலிருந்து விதை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் மாறி வந்தால் அவற்றைச் சமையலுக்கு விட்டுவிட்டு மற்றவற்றில் எடுக்கலாம். பாதிக்குப் பாதி மாறியிருந்தால் அது பெரும்பாலும் ஹைப்ரிட்டின் விதைதான், கொடுத்தவருக்கு அதைச் சொல்லிவிடுங்கள். அவர் அதே பாட்டிலிலிருந்து இன்னும் பத்துப் பேருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். பழத்தைக் குறுக்கே வெட்டி எடுத்த ஒரு படமும், எத்தனை முளைத்தது என்ற எண்ணும் அனுப்பினால் அவரும் தன் சீட்டைத் திருத்திக்கொள்வார்.